அரம் பட்ட இன்ஜின்

தசரதனின் கட்டைவிரல் குட்டி விமானத்தின் இன்ஜின் ஓரத்தில் போய் நின்றதும் ஜானி பாஷாவின் கண்ணும் அங்கேயே போய் நின்றது.

அங்கேதான் அந்தக் கறை இருந்தது. கடுகளவு. எரிபொருளோடு கலக்கிற விளக்கெண்ணெய் எரிந்து படிந்த பழுப்பு. மற்றதையெல்லாம் பாஷா ஊறவைத்துத் தேய்த்துப் புதுசாக்கிவிட்டார். இது மட்டும் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது.

கட்டைவிரல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு நகர்ந்து, விசிறியைத் தடவிப் பார்த்தது.

கவனிக்கவில்லை என்று பாஷா மூச்சு விட்டார்.

கீழ்பென்னாத்தூர் தாண்டி வற்றிக் கிடந்த ஏரி. ஞாயிற்றுக்கிழமை வெயில் இன்னும் சுட ஆரம்பிக்கவில்லை. டவுனில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கும் பாஷாவும், செங்கம் ரோட்டில் லாட்ஜ் நடத்தும் தசரதனும் வாராவாரம் இங்கே வந்து குட்டி விமானம் விடுகிறவர்கள். ஒருவர் விடும்போது மற்றவர் பக்கத்தில் நின்று குறை சொல்ல வேண்டும். அது அவர்களுக்குள் ஒரு சட்டம் மாதிரி.

இன்றைக்கு தசரதனின் மனைவி திரௌபதியும் கூட வந்திருந்தாள். கையில் போன். போனுக்குள் மகள் நந்தினி, சென்னை ஹாஸ்டலில், தலைகூட வாராமல் உட்கார்ந்திருந்தாள்.

பறக்கப்போகும் இன்ஜின் அவள் முதல் சம்பளத்தில் அப்பாவுக்கு வாங்கி அனுப்பியது. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

தசரதன் அதைப் பெட்டியோடு கொண்டுவந்து பாஷாவின் கடையில் வைத்தபோது, புத்தம் புதுசு, கைகூடப் படவில்லை, உங்க இன்ஜின் மாதிரியே இதுவும் கத்தணும் பாய் என்று சொல்லிவிட்டுப் போனார். பாஷாவிடம் இருந்ததும் அதே கம்பெனி, அதே சைஸ்தான்.

பெரிய வேலை ஒன்றுமில்லை. சிலிண்டரில் புகை வெளியேறும் துளை ஒன்று இருக்கும். அதன் மேல் விளிம்பை ஊசி அரத்தால் ஒரு மயிரிழை உயர்த்தினால் போதும், வேகம் பிய்த்துக்கொண்டு வரும். அதற்கு மேல் எடுத்தால் உள்ளே அழுத்தம் நிற்காது. ராவி எடுத்ததைத் திரும்ப ஒட்டவும் முடியாது.

பாஷா எப்போதும் அளந்து பார்த்துவிட்டுத்தான் அரம் வைப்பார். அன்றைக்கு அளக்கவில்லை. புதுசு என்று தசரதனே சொன்ன பிறகு அளப்பது அவரைச் சந்தேகப்படுகிற மாதிரி இருந்தது. தன் இன்ஜினில் எடுத்த அளவையே இதிலும் எடுத்தார்.

மாட்டி ஓட்டிப் பார்த்தால், இருமியது. நின்றது. என்ன செய்தும் இருமலைத் தாண்டவில்லை.

பெண்ணின் முதல் சம்பளத்தைப் பாழாக்கிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? அவர் சொல்லவில்லை. தன் விமானத்திலிருந்த இன்ஜினைக் கழற்றி, தேய்த்துப் பளபளப்பாக்கி, தசரதனின் விமானத்தில் மாட்டிவிட்டார். உங்க பிளேன் எங்கே என்று தசரதன் கேட்டதற்கு, இறக்கை ஒட்டு விட்டுப்போச்சு என்று சொல்லிவைத்தார். அது வீட்டுப் பரணில் மூக்கில்லாமல் கிடந்தது.

தசரதன் பேட்டரி கிளிப்பை மாட்டி விசிறியைச் சுண்டினார். சுண்டியதுமே பிடித்துக்கொண்டது. எண்ணெய் விடும் திருகாணியை மெல்ல இறுக்க இறுக்க, கரகரப்பெல்லாம் தேய்ந்து சத்தம் ஒரே இழையாக நீண்டது. கருவேல மரத்துக் கொக்குகள் எழுந்து போயின.

ஓடின மாதிரியே தெரியவில்லை, விமானம் மேலே இருந்தது. ஏரிக்கரைக்கு மேல் சாய்ந்து, தூரத்து மலையை ஒரு நொடி மறைத்துவிட்டுத் திரும்பியது.

பாஷாவுக்கு நெஞ்சு நிறைந்தது. வலிக்கவும் செய்தது. பெற்ற பிள்ளையை அடுத்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லிக் கைதட்டுகிற மாதிரி இருந்தது. இனி வாராவாரம் வெறும் கையோடு வந்து குறை மட்டும் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டார்.

ஆனால் இன்றைக்குக் குறை சொல்ல வாய் வரவில்லை.

பின்னால் திரௌபதி போனை வானத்துக்குக் காட்டி மகளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"சத்தம் கேக்குதாடி? நீ வாங்கிக் குடுத்ததுதான். உங்கப்பா எனக்கு இந்த வேலை தெரியாதான்னு அரத்தை வச்சுக்கினு அதை ராவு ராவுன்னு ராவிட்டு, ஜாஸ்தி எடுத்துட்டேன், போச்சுன்னு தலையில கை வச்சுக்கினு உக்காந்துட்டாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற. கழுவிப் பெட்டியில போட்டு பாய்கிட்ட குடுத்தாரு. பாய் கையில அது எப்படி சரியாயிடுச்சு பாரு."

பாஷா திரும்பிப் பார்க்கவில்லை. தசரதனும் திரும்பவில்லை. இருவரும் தலையைத் தூக்கியபடியே நின்றார்கள்.

விமானம் ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்றும் வந்தது.

அப்புறம் தசரதன், மேலே பார்த்தபடியே, ரிமோட்டைப் பக்கவாட்டில் நீட்டினார்.

"நீங்களே எறக்குங்க பாய். எறக்கிட்டு, உங்க இன்ஜினைக் கழட்டிக்கங்க."

பாஷா வாங்கிக்கொண்டார். பிடியெல்லாம் வியர்வை.

உடனே இறக்கவில்லை. கரைப் பக்கம் போன விமானத்தை, பழக்கமில்லாத ஆள் திருப்புகிற மாதிரி, வேண்டுமென்றே கோணலாக ஒரு திருப்பு திருப்பினார்.

திருப்பிவிட்டு, தசரதன் குறை சொல்வதற்காகக் காத்திருந்தார்.