வலது காதுக் கருவி

"அப்பாவுக்குப் புத்தி தடுமாறலை சிஸ்டர், காதுதான் கேக்காது. மூணு நாளா சொல்றேன்," என்கிறாள் மகள். விழுங்கச் சொன்னால் விழுங்குவதில்லை என்று ஆஸ்பத்திரித் தாளில் எழுதி, அவர் மூக்கு வழியே உணவு செலுத்தும் குழாய் போடவிருக்கிறார்கள். சன்னல் வெயில் தட்டிலிருக்கும் குழாயின்மேல் விழுகிறது. சேர்த்த அன்று கழற்றி இழுப்பறையில் போட்ட காதுக் கருவியைத் தேடியெடுக்கும் செவிலி, அதன் குளிர் போக உள்ளங்கையில் சற்றுப் பொத்திவைத்திருந்து, அவர் வலது காதில் மெல்லப் பொருத்துகிறாள். "ஐயா, ஒரு வாய் தண்ணி குடிக்கிறீங்களா?" அப்பாவின் கண்கள் அவள் பக்கம் திரும்புகின்றன. "குடுங்கம்மா. இங்க யாருமே பேச மாட்டீங்களோன்னு நெனச்சேன்." கரண்டித் தண்ணீர் தொண்டையில் இறங்குவதை இருவரும் மூச்சடக்கிப் பார்க்கிறார்கள். இருமல் இல்லை. மகளின் உதடுகள் இறைவனுக்கு நன்றி சொல்கின்றன. "எங்க தப்புதாம்மா," என்று சொல்லி, தாளில் எழுதியிருந்ததைக் கோடு போட்டு அடிக்கிறாள் செவிலி. "இன்னொரு வாய்," என்கிறார் அப்பா.