இறந்த ஆண்டு

பழைய கணிதக் கட்டுரைகளை நூலகங்கள் கணினி வழியாகப் பகிர்ந்துகொள்ள, எல்லோருக்கும் பொதுவான விவரப் படிவம் ஒன்று வேண்டும் அல்லவா? அதை வகுப்பதுதான் தாம்பரத்தில் பியூலாவின் வேலை. எழுதியவர் இறந்த ஆண்டு, அதற்கான ஆதாரம் என்று இரண்டு கட்டங்களைப் பிடிவாதமாகச் சேர்த்தவளே அவள்தான்.

அன்று காலை, சோதனைக்காகத் தன் அப்பா வில்பிரட் எழுதிய ஒரே கட்டுரையை ஏற்றினாள். அந்த இரண்டு கட்டங்களையும் காலியாக விட்டாள். மதியம் வேறொரு நூலகத்திலிருந்து பதிவு திரும்பி வந்தபோது, இறந்த ஆண்டுக் கட்டத்தில் இந்த வருஷம் இருந்தது. அழித்தாள். அடுத்த நூலகத்திலிருந்தும் அப்படியே வந்தது. இப்போது ஆதாரமும் நிரம்பியிருந்தது: 'மகள். கூட இருந்து பார்த்தவர்.'

உடனே அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"உடம்பு எப்படிப்பா இருக்கு?"

"எனக்கென்னம்மா, கல்லுக்குண்டாட்டம் இருக்கேன். என் பேரு கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சுப்பா. நான் கொஞ்ச நாள் வீட்டுக்கு வரல. இங்கேயே ஹாஸ்டல்ல தங்கிக்கறேன்."

கூட இல்லாவிட்டால் பார்க்க முடியாதே. அவளுக்குத் தோன்றிய வழி அது ஒன்றுதான், பாவம்.

"ஏம்ப்பா இப்படி மூச்சு வாங்குது உங்களுக்கு?"

"உங்க ஆபீஸ்ல லிஃப்ட் ஓடலியே. மூணு மாடி ஏறி வந்துட்டேன். கதவைத் திறம்மா, என் பேரைப் பார்க்கணும்."

கதவு தட்டும் சத்தம் போனிலும் கேட்டது, நேரிலும் கேட்டது.