துரும்பு கிள்ளுமுன்

1948 ஆவணி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இராயபுரத்தில் நிலக்கரிக் கிடங்குக்குப் பின்னாலிருந்த குடிசைகளில், ஒரு புருஷன் பெண்டாட்டியைத் தீர்த்துவிடப் பஞ்சாயத்து கூடியது.

அங்கே வழக்கம் சுருக்கமானது. எல்லார் முன்னிலையிலும் புருஷன் ஒரு வைக்கோல் துரும்பைக் கிள்ளிப் போட்டால் கல்யாணம் முறிந்தது.

தீர்த்துவிடச் சொல்லிக் கேட்டவள் பூவம்மா. திருவொற்றியூரில் தீப்பெட்டிக் கம்பெனியில் வேலை செய்பவள்.

"அடிச்சானா? குடிச்சானா?" என்று கேட்டார் பஞ்சாயத்து பேச வந்த துறைமுகத்து மேஸ்திரி பக்தவச்சலம்.

"அதெல்லாம் இல்ல நைனா. கட்டிகினு வந்த நாள்லேர்ந்து 'இந்தா', 'இந்தா'தான். கம்பெனில ஆஜர் எடுக்கிறவன்கூட என் பேரச் சொல்றான். காய்ச்சல்ல கெடந்தப்போ ஆஸ்பத்திரில பேரு கேட்டாங்க. 'எம் பொஞ்சாதி'ன்னு எழுதிக்கச் சொல்லிச்சு இந்தாளு."

கூட்டம் சிரித்தது.

பூவம்மா சிரிக்கவில்லை. பெயரில்லாத நோயாளியாக ஆஸ்பத்திரி வராந்தாவில் கிடந்த அந்தப் பகல் அவளுக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

அவள் புருஷன் ஜெயவேல் கரி அடைந்த நகங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் குடும்பத்தில் எந்த ஆணும் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அது அவளுக்கும் தெரியும்.

மேஸ்திரி துரும்பை அவனிடம் நீட்டினார். "கிள்றதுக்கு மின்னாடி, இன்னார் எனக்கு வேணாம்னு பேரச் சொல்லணும்டா. சத்தமா. அதான் முறை."

ஜெயவேல் துரும்பை வாங்கும்போது கூட்ஸ் வண்டி ஒன்று கடந்து போனது.

பிறகு, "பூவம்மா" என்றான்.

கம்பெனியில் தினமும் கேட்கிற அதே பெயர்தான். இந்தக் குரலில் அது வேறு யாருடையதோ போலிருந்தது.

"இன்னா?" என்று கேட்டுவிட்டாள். கூப்பிட்டால் கேட்கத்தானே தோன்றும்.

மீதி வார்த்தை அவனுக்கு வரவில்லை. கிள்ளாத துரும்பை மேஸ்திரியிடமே திருப்பிக் கொடுத்தான்.

"வூட்டுக்குப் போலாமா?"

"நாளைக்கும் பேர் சொல்வியா?"

"சொல்றேன்."

பூவம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

அவர்கள் சந்து திரும்பிய பிறகு, பூவம்மாவின் அத்தை குப்பம்மா மேஸ்திரியைப் பிடித்துக்கொண்டாள். "இன்னா மேஸ்திரி, கத வுட்றியா? நான் ரெண்டு புருசனத் தீத்துகினவ. பேர் சொல்ற முறை எப்போ வந்துச்சு?"

மேஸ்திரி துரும்பைக் காதில் செருகிக்கொண்டு கிளம்பினார்.

அடுத்த பஞ்சாயத்திலிருந்து அதுவே முறையானது.