தையல் போட்ட ஈறு

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க, கண்ணுகளா. வாயைத் திறந்து கத்தக் கூடாது என்றிருந்த ஒருத்தியின் கதை சொல்கிறேன். சின்னதுதான். உலை கொதிப்பதற்குள் முடிந்துவிடும்.

பல் டாக்டரின் நாற்காலியில் அவள் மல்லாந்து கிடந்தாள்.

கீழ்வரிசை முன்பல்லில் ஈறு இறங்கி வேர் தெரிந்தது. தண்ணீர் பட்டாலே உச்சந்தலை வரை கூசும்.

அழுத்தித் தேய்ப்பாள் என்று புருஷன் சொன்னான்.

டாக்டரம்மா அவள் உதட்டைப் புரட்டினார். உள்ளே பழைய தழும்பு. திரும்பி அவன் மோதிரத்தைப் பார்த்தார்.

பக்கத்து ஈறை இழுத்து மூடித் தைக்கலாம். ஆனால் இழுக்க அங்கே சதையில்லை. மேலண்ணத்தில் ஒரு துண்டு அறுத்தெடுத்து ஒட்டித் தைக்க வேண்டும். விட்டால் பல் விழுந்துவிடும் என்றார்.

தன் தங்கச்சி கல்யாணத்தில் பல் எங்கே என்று நாலு பேர் கேட்பார்களே என்று அவன் சரி சொன்னான்.

"வலிக்கும்மா," என்றார் டாக்டர்.

அவள் வாயில் கை வைக்கும் முன் அப்படிச் சொன்ன முதல் ஆள்.

கத்தி அண்ணத்தில் இறங்கியது. மரத்துப்போன வாயில் சதை கிழிவது வலிக்கவில்லை. கேட்டது. ரத்தம் தொண்டைக்குள் வழிந்தது. ஊசி ஈறைக் குத்திக் குத்தி ஏறியது.

தையல் பிரிக்கிறவரை கத்திப் பேசக் கூடாது, உதட்டை இழுக்கக் கூடாது என்றார் டாக்டரம்மா.

"அப்ப வீடு நிம்மதியா இருக்கும்," என்றான் அவன்.

சிரித்ததும் அவன் மட்டும்தான்.

அவர்கள் இருந்தது வரிசை வீடு. அவள் அலறினால் பக்கத்து வீட்டு ஜெசிந்தா டம்ளரோடு வந்துவிடுவாள், உறைமோர் வேணும் என்று. அப்போது அடி நின்றுவிடும். ஜெசிந்தா வீட்டில் பாலே வாங்குவதில்லை.

அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை. புண்ணான வாயால் அவள் ருசி பார்க்காத குழம்பு.

தட்டு பறந்தது.

கொண்டையைப் பிடித்துச் சுவரில் இடித்தான். இன்னொரு தடவை. நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது.

அவள் அலறவில்லை.

அலறினால் தையல் போகும். அறுத்துக் கொடுத்த சதை போகும். பல்லும் போகும்.

பக்கத்து வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

சத்தம் வராதது அவனுக்குத் துணிச்சலாகிவிட்டது. தாடையை நெரித்துப் பிடித்தான்.

"எங்கடி தச்சிருக்கா, காட்டு பாப்போம்."

கட்டைவிரலை உதட்டுக்குள் விட்டான்.

ஜெசிந்தா டம்ளரோடு ஓடி வந்தாள். அலறிக்கொண்டிருந்தது அவன்.

தையல் பிரிக்கப் போன அன்று, வெளியே நின்றவனை அவளே உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். அவன் கையில் பெரிய கட்டு. நாய் என்றான், யாரும் கேட்காமலே.

டாக்டரம்மா உதட்டைப் புரட்டி விளக்கை இழுத்தார். ஒரு தையல் தெறித்திருந்தது. சதை ஒட்டிப் பிடித்துவிட்டது, குழந்தை ஈறு மாதிரி சிவப்பாய்.

"முன்பல்லால எதையாச்சும் கடிச்சீங்களாம்மா?"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டான்.

"மெத்துனுதான் இருந்துச்சு, டாக்டர்."

உங்கள் வீட்டில் கை சோற்றுக்கு மட்டும் நீளட்டும், கண்ணுகளா. எல்லாரும் பல் தெரியச் சிரித்து நல்லா இருங்க.