சம்பந்தி நின்ன இடம்

ஒயின் ஷாப் வாசல்ல, ஸ்வெட்டரும் மஃப்ளருமா, கையக் கட்டிக்கிட்டு நின்னுக்கிட்டிருந்தாரு எனக்குச் சம்பந்தியா வரப்போற மனுஷன்.

என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்.

நான் சஃபீர். பழனியில பாத்திரக்கடை வச்சிருக்கேன். எங்க அக்கா மகன் ரஷாத்துக்குக் கொடைக்கானல்ல பொண்ணு பேசியிருக்கோம். பொண்ணு மஹீரா, குணமான புள்ள. அவ அத்தா கிபாயத்துல்லா, ரஷாத் படிச்ச காலேஜ்லயே எக்கனாமிக்ஸ் வாத்தியார். ரஷாத்தே வாயத் திறந்து கேட்ட இடம்.

"எதுக்கும் ஒரு எட்டு மேல போயி விசாரிச்சுட்டு வந்துரு தம்பி. நாளைக்கு நிச்சயத்துக்குத் தேதி சொல்லணும்"னு அக்கா சொல்லுச்சு. வெள்ளனே பஸ் ஏறிட்டேன்.

பஜார்ல ஸ்வெட்டர் கடை மணியன்கிட்டதான் மொதல்ல கேட்டேன்.

"சாரா? நல்ல மனுசன்தாங்க. ஆனா..."ன்னு இழுத்தாரு.

"ஆனா என்னங்க? பொண்ணு எடுக்கற இடம். ஒளிக்காம சொல்லுங்க."

"சாயங்காலம் நாலரைக்கு ஒயின் ஷாப் பக்கம் போங்க, நீங்களே பாத்துக்கலாம். ஒருநாள் தப்பாது. இதுல கூத்து என்னன்னா, மீட்டிங்னா மைக்கைப் புடிச்சுக்கிட்டு, 'சரக்கு மலிவா கெடைக்கறதாலதான் காலேஜ் பசங்க குடிக்கிறாங்க. இத்தனை ரூபாய்க்குக் கீழ எந்தச் சரக்கும் இருக்கக் கூடாதுன்னு கவர்மெண்ட்டு ஒரு விலை வைக்கணும்'னு பேசறதும் அவருதான். மனு மேல மனு வேற!"

மைக்குல ஒரு பேச்சு, வாசல்ல ஒரு நிப்பு! எனக்கு ரத்தம் கொதிச்சிருச்சு.

நாலரைக்குப் போனா, மணியன் சொன்னது அச்சு அசலா நெசம்.

நான் பாத்துக்கிட்டு இருக்கறப்பவே, முதுகுல பையோட மூணு பசங்க வந்தானுங்க. சாரைப் பார்த்ததும் மூஞ்சி செத்துப்போச்சு. வந்த வழியே திரும்பிட்டானுங்க. பாவம், வாத்தியாரை அந்த இடத்துல பாக்க அந்தப் புள்ளைகளுக்கே கூசுது. இந்த மனுஷனுக்குக் கூசலையே!

நேரா போயி அவரு முன்னாடி நின்னேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

"வ அலைக்கும் ஸலாம். அடடே, வாங்க வாங்க! எப்ப வந்தீங்க?" ஒரு பதட்டம் இல்லை. "வீட்டுக்குப் போயி டீ சாப்பிட்டுட்டு இருங்க. மஃரிப் தொழுதுட்டு நான் வந்துர்றேன்."

இங்கேருந்து நேரா தொழுகைக்கா! எனக்கு வாயே கோணிக்கிச்சு.

"ஏன், இப்பவே என்கூட வந்தா என்னவாம்?"

"ஆறரை வரைக்கும் இங்க சோலி கெடக்குங்க."

"இங்க பாருங்க, நான் மனசுல வச்சுக்கிட்டுப் பேசறவன் இல்லை. எங்க ரஷாத் சொக்கத்தங்கம். மூணு வருஷம் இதே ஊர் ஹாஸ்டல்ல இருந்தான். ஒரு சொட்டு தொட்டதில்லை. இந்தத் தெருப் பக்கமே தலைவச்சுப் படுத்ததில்லை. எங்க வளர்ப்பு அப்படி. பழனி பஜார்ல நெஞ்சை நிமித்திச் சொல்லுவேன்."

அவரு கோவப்படலை. சிரிச்சாரு.

"தெரியும்ங்க. ரஷாத் நல்ல பையன். உங்க வளர்ப்புக்கு என்ன கொறைச்சல்?"

அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் எரிச்சலைக் கெளப்பிருச்சு. விறுவிறுன்னு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து அக்காவுக்குப் போனைப் போட்டேன்.

"அக்கா, இந்தச் சம்பந்தம் நமக்கு வேணாம். பொண்ணோட அத்தா தினமும் ஒயின் ஷாப்லதான் நிக்கிறாரு."

அந்தப் பக்கம் அக்கா, "யா அல்லாஹ்!"ன்னு அலறுச்சு. ரஷாத் போனை வாங்கிட்டான்.

"மாமா, சார் இன்னுமா அங்க நிக்கிறாரு?" அவன் குரல் கம்மிப்போயிருந்துச்சு.

"ஏலே, உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும் மாமா. நான் செகண்ட் இயர் படிக்கறப்பதான் நிக்க ஆரம்பிச்சாரு. அவரு குடுத்த மனுவுக்கு எந்தப் பதிலும் வரலை. ஒருநாள் கிளாஸ்ல சொன்னாரு, 'கவர்மெண்ட்டு விலை வைக்கறப்ப வைக்கட்டும்டா. நான் இன்னைக்கே ஒரு விலை வச்சுட்டேன். காலேஜ் விட்டதுலேருந்து ஹாஸ்டல் கேட்டு மூடற வரைக்கும் கடை வாசல்ல நிப்பேன். வேணுங்கறவன் என் மூஞ்சியைப் பார்த்து, குட் ஈவ்னிங் சார்னு சொல்லிட்டு உள்ள போயி வாங்கிக்கட்டும். அதான் விலை'ன்னாரு. சும்மா மிரட்டுறாருன்னுதான் நெனச்சோம்."

"ஊரே அவரைக் குடிகாரன்னு பேசுதேடா! காலேஜ் பசங்க ஒருத்தனாச்சும் உண்மையைச் சொல்லக் கூடாதா?"

"எப்படி மாமா சொல்லுவான்? நீ எதுக்குடா அங்க போனேன்னு வீட்டுல கேப்பாங்கல்ல? எங்க பேரு கெட்டுரும்னு சாரும் சொல்ல மாட்டாரு. அவரு பேரு கெட்டாலும் பரவாயில்லைன்னு நிக்கிறாரு. அப்படிப்பட்ட மனுஷன் வீட்டுல பொண்ணு எடுக்கறது நமக்குத்தான் மாமா பெருமை."

பழனி பஸ் வந்து நின்னுச்சு. நான் ஏறலை.

"சரிடா, அவரைத் தாண்டிப் போயி எவனாச்சும் வாங்குனானா?"

"மத்தவனுங்களைப் பத்தித் தெரியாது மாமா. மொத நாளே வாசல் வரைக்கும் போயி, அவரைப் பார்த்துட்டுத் திரும்பி ஓடுனவன் நான்தான்."