பொங்காத பால்

இவர் எனக்கு முன்னால் கண்ணை மூடிவிட்டால், எதிர்வீட்டுக் கதவைத் தட்டி அதை எந்த மொழியில் சொல்வேன்? நினைத்தபடியே தவமணி பாலை அடுப்பில் வைத்தாள். ஓய்வுபெற்றதும் போர்ச்சுகலில் வீடு வாங்கிக் குடியேறிவிட வேண்டும் என்பது கணவர் திருமேனியின் ஆசை. பத்திரப்பதிவுக்கு முன்பே முகூர்த்தம் வந்துவிட்டதால், இங்கே வந்து பார்த்துவைத்த வீட்டில் பால் காய்ச்ச மட்டும் தரகர் சாவி கொடுத்திருந்தார். பால் எழும்போதெல்லாம் மின்னடுப்பு தானாக அணைந்துகொண்டது.

“சாமிக்கு விசா கெடைக்கல போல. பொங்கினதா வச்சுக்க,” என்றார் திருமேனி. வீட்டு ஒப்பந்தத்தைச் சமையல் மேடையில் விரித்துப் பேனாவை நீட்டினார். “கீழ உன் கையெழுத்து. எதுக்குப் பயப்படுற, நான் இருக்கேன்ல?”

தவமணி பேனாவை வாங்கி அவர் சட்டைப்பையிலேயே செருகினாள்.

“நீங்க இருங்க. நான் அப்பப்ப வந்து போறேன்.”