ஹெல்ப் என்று கத்த வேண்டும்

“தமிழ்ல கத்துனது தப்புன்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போடு. அப்புறம் கிளாசுக்குப் போயிட்டே இரு.”

தாளாளர் தங்கசாமி ஒரு வெள்ளைத் தாளை மேசைமேல் தள்ளினார். அதன் பக்கத்திலேயே ஸ்ரீதேவியின் மாற்றுச் சான்றிதழும் தயாராக இருந்தது. அவர் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

பிளஸ் டூ பொதுத்தேர்வுக்கு இன்னும் நாற்பது நாள். இப்போது டிசியைக் கொடுத்து அனுப்பினால் எந்தப் பள்ளியிலும் சேர்க்க மாட்டார்கள், ஒரு வருடப் படிப்பு பாழ். அது நன்றாகத் தெரிந்தும், ஆத்தூரிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் அந்தப் பெண் பேனாவைத் தொடவில்லை.

“எழுத மாட்டேன் சார்.”

நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் கண்டிப்புக்குப் பஞ்சமில்லை. இந்தப் பெண்கள் பள்ளி அதிலும் ஒரு படி மேல். வளாகத்துக்குள் தமிழ் பேசக் கூடாது, தடுக்கி விழுந்தால்கூட இங்கிலீஷில்தான் விழ வேண்டும். விதியைப் போட்ட தங்கசாமியும், அவர் அறைக்குள் அவரிடம் பேசுகிறவர்களும் மட்டும் தமிழில் பேசலாம். அவருக்கு வேறு வழியில்லை, பாவம்.

“வார்டன், நேத்து என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க.”

வார்டன் சாரதாமணி ஓர் அடி முன்னால் வந்தார். “சாயங்காலம் மெஸ் பக்கமிருந்து சத்தமுங்க. ‘ஓடியாங்க சாமி, உசுரு போவுதுங்க’ன்னு. நான் மூணாவது மாடியில இருந்து எறங்கி வாரதுக்குள்ள சத்தம் நின்னுபோச்சு. குளிர் ரூம் வாசல்ல இவ மட்டும் நின்னுட்டிருந்தாளுங்க.”

பால், முட்டை, காய்கறி வைக்கும் பெரிய குளிர் அறை அது. ஆசிரியைகளும் மாணவிகளும் முறை வைத்துப் போய் இருப்பைச் சரிபார்த்துவிட்டு வருவார்கள்.

“உள்ள மாட்டிக்கிட்டா இங்கிலீஷ்ல கத்தறதுக்கு என்ன கேடு?” என்றார் தங்கசாமி.

“அந்தக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடியே கிடையாது சார்,” என்றாள் ஸ்ரீதேவி. “கழண்டு விழுந்து மூணு மாசமாச்சு. வெளியில இருந்து யாராவது திறந்தாத்தான் உண்டு.”

“நான் கைப்பிடியப் பத்தியா கேட்டேன்?”

கைப்பிடியைப் பற்றி அவர் எப்போதுமே கேட்டதில்லை. திரும்பி, ஓரமாக உட்கார்ந்திருந்த ஆங்கில ஆசிரியை வித்யாவைப் பார்த்துச் சிரித்தார்.

வித்யா அந்தப் பள்ளியின் பெருமை. ‘தமிழே தெரியாத இங்கிலீஷ் டீச்சர்’ என்று சேர்க்கை நோட்டீஸில் படம் போட்டே விளம்பரம் செய்திருந்தார்கள். ஐந்து வருடத்தில் அவர் ஆட்டோக்காரரிடம்கூட ஒரு தமிழ் வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

“மேடம்... ஹெல்ப். மீனிங், ஹிஸ்டரி, டெல், டெல்.”

வித்யா தாழ்ந்த குரலில் ஆங்கிலத்தில் சொன்னார். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் அது ‘ஹெல்பான்’. ஜெர்மன் மொழியில் ‘ஹெல்ஃபன்’ என்று அதற்கு ஒரு உறவு உண்டு. மூட்டை தூக்கக் கை கேட்பவனும் அதைத்தான் சொல்வான், தண்ணீரில் மூழ்குகிறவனும் அதைத்தான் சொல்வான். சொல்லி முடிக்கும்வரை அவர் ஸ்ரீதேவியின் பக்கம் பார்க்கவேயில்லை, புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டே இருந்தார்.

தங்கசாமிக்குப் பாதி புரிந்தது. அதுவே போதுமானதாக இருந்தது. “கேட்டியா? ஆயிரம் வருசத்து வார்த்தை! அதை உட்டுப்போட்டு, சந்தையில கத்தற மாதிரி கத்துனா பள்ளிக்கூடத்து மானம் என்னாவறது?”

“வார்த்தைக்கு எத்தனை வயசா இருந்தா என்ன சார்? கூப்பிட்டா ஆள் வரணும்.” ஸ்ரீதேவியின் குரல் உயர்ந்தது. “மெஸ்ஸுக்குப் பக்கத்து ஹால்ல பத்து நாளா ஆண்டு விழா நாடக ஒத்திகை. இருபது பேர் ‘ஹெல்ப், ஹெல்ப்’னு கத்திக்கிட்டே இருக்காங்க. நேத்து குளிர் ரூம்ல இருந்தும் கால் மணி நேரம் அதே சத்தம்தான், ஒருத்தரும் திரும்பிக்கூடப் பார்க்கல. தமிழ்ல ஒரே ஒரு தடவைதான். கதவு திறந்துடுச்சு.”

“அப்ப ரூல்ஸ் எதுக்கு?”

“அந்த ரூல்ஸை ஒரு மணி நேரம் குளிர் ரூமுக்குள்ள போட்டுப் பூட்டுங்க சார். எந்த பாஷையில கத்துதுன்னு பார்ப்போம்.”

சாரதாமணி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தங்கசாமியின் முகம் கறுத்தது.

“கடைசியாக் கேக்கறேன். எழுதறியா, இல்லியா?”

ஸ்ரீதேவியின் கண் கலங்கிவிட்டது. நாற்பது நாள், பன்னிரண்டு வருடப் படிப்பு, ஊரில் அப்பா அம்மாவின் முகம் எல்லாம் நினைவுக்கு வந்தன. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் தாளை அவர் பக்கமே திருப்பித் தள்ளினாள்.

“உயிரைக் காப்பாத்தச் சொல்லிக் கத்துறது தப்புன்னு என் கையால எழுத மாட்டேன். டிசியைக் குடுங்க சார், போறேன்.”

“திமிரு! போ, வேணுங்கிறது அதுதானே?” தங்கசாமி பேனா மூடியைக் கழற்றினார். சான்றிதழை அருகில் இழுத்தார்.

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வித்யா எழுந்து வந்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் தன் உள்ளங்கையை வைத்தார். கையை எடுக்கவில்லை.

தங்கசாமி பதறிப்போனார். தெரிந்த இங்கிலீஷையெல்லாம் ஒன்று திரட்டினார். “மேடம்... யூ சிட், யூ சிட். திஸ் கேர்ள், பேட் கேர்ள்.”

வித்யா உட்காரவில்லை. நிமிர்ந்து அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

“அந்தப் புள்ளைய உட்டுருங்க. உள்ள கெடந்து கத்துனது நானுங்க.”